கால் வருதுல்ல

வேண்டாம் என்று யாராவது சொன்னால் அண்ணனுக்கு அது பாதிச் சம்மதம். மீதிப் பாதியை நடக்கவைத்தே வாங்கிவிடுவார்.

மலேசியாவில், கோலா சிலாங்கூர் என்ற ஊரில் ஆற்றோரம், கண்டல் காட்டுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பாலம் கட்டியிருந்தார்கள். இரண்டு உயரமான இரும்புக் கோபுரங்கள், நடுவில் தரை முழுக்கக் கண்ணாடி போட்ட நடைபாதை. முதல் கோபுரத்தில் லிஃப்டில் ஏறி, கண்ணாடியில் நடந்து, அடுத்த கோபுரத்து லிஃப்டில் இறங்கிவிட வேண்டும். போகிற வழி மட்டும்தான், வருகிற வழி கிடையாது. மேலே நின்றால் ஒரு பக்கம் ஆறு வளைந்து வளைந்து கடலில் சேர்வது தெரியும். இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டும் வரை எண்ணெய்ப்பனைத் தோட்டம். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே நெல் வயல்கூடத் தெரியும். இதெல்லாம் தூரத்தில் பார்க்கிறவர்களுக்கு. காலுக்குக் கீழே பார்த்தவர்களுக்கு மர உச்சிகளும் அதற்கும் கீழே கறுப்புச் சேறும்தான். அவர்களுக்குத்தான் முட்டி ஆடும்.

சாயந்தரம் மின்மினி பார்க்க வருகிற கூட்டம் இருட்டும்வரை பொழுதைப் போக்க எங்கள் பாலத்தில் ஏறும். நான் மேலே வாசலில் நின்று டிக்கெட் பார்த்து, காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளத் துணி உறை கொடுப்பேன். அண்ணன் கண்ணாடியின் மேல் நிற்பார். பயந்து நின்றுவிடுகிறவர்களை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை செய்தவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் மகளுக்குப் பிடிக்காது.

பயந்து நிற்பவருக்கு முன்னால் வந்து நின்றுகொள்வார். தொடமாட்டார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அவர்கள் கைக்கு ஒரு சாண் தள்ளி நீட்டியிருப்பார். பிறகு பின்பக்கமாக ஓர் அடி வைப்பார். எதிரே நிற்பவரின் கால் தானாக ஓர் அடி முன்னால் வரும். எப்படி வருகிறது என்று வந்தவர்களுக்கே தெரியாது. இவர் இன்னோர் அடி பின்னால் வைப்பார். மலாய்க்காரர்களிடம் பெலான் பெலான் என்பார், சீனர்களிடம் மான் மான் என்பார், இரண்டும் மெதுவாக மெதுவாக என்பதுதான். நம்மவர்கள் என்றால் வாய் கொஞ்சம் நீளும். "என்னப் பாருங்க. கீழ என்னா இருக்கு? சேறு. சேத்தப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்பார். சிரித்துக்கொண்டே நடந்துவிடுவார்கள்.

மனிதர் பனைத்தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். தோள்பட்டை இனி ஒத்துழைக்காது என்று ஆன பிறகு இந்த வேலைக்கு வந்தார். குட்டையான உருவம், எருமைக் கழுத்து, நெற்றியில் எப்போதும் திருநீறு. கண்ணாடியில் செருப்புப் போடமாட்டார். எல்லாருக்கும் கொடுக்கிற துணி உறையைக்கூட மாட்டமாட்டார், வெறுங்கால்தான். எங்கள் மேனேஜர், இளவட்ட மலாய்க்காரப் பையன், முதலில் சத்தம் போட்டுப் பார்த்தான். வந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் பற்றியே இணையத்தில் எழுதிவைத்துவிட்டுப் போவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். கிள்ளானிலிருந்து வந்த சீனத் தொழிலதிபர் ஒருவர், பாலத்தின் நடுவில் பிள்ளைபோல் உட்கார்ந்துவிட்டவர், அண்ணன் அழைத்துப்போய்ச் சேர்த்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சீனப் புத்தாண்டுக்குப் பெட்டி நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் எங்கள் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார். எனக்கு மட்டும் அழுகல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு நல்லதாகக் கொடுத்தார். என்னோடு வம்பிழுக்காவிட்டால் அவருக்குப் பசியாறியது செரிக்காது.

இந்தப் பின்பக்க நடையை அவர் கம்பெனி பயிற்சியில் கற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் நடந்து பழகியது. எங்கள் பக்கம் அலகுக் காவடி எடுத்து வருகிறவருக்கு முன்னால் ஓர் ஆள் முகத்தோடு முகம் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவார். கோயில் வாசல்வரை அவரை விடாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. அண்ணன் எத்தனையோ வருடம் அதைச் செய்தவர். அவர் முன்னால் நடந்து கோயில் வராமல் போன காவடி ஒன்றுகூட இல்லை என்பதில் அவருக்கு மகா பெருமை. ஒருமுறை ஒருவன் பாதி வழியில் உட்கார்ந்து, கழற்றிவிடுங்கடா என்று கத்தினானாம். இவர் அவனைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அவன் எழுந்து நடக்கும்வரை வெயிலில் அவன் எதிரிலேயே நின்றாராம்.

"காவடி எடுத்தவன் வழியில முடியாதுன்னுவான், வேணாம்னுவான். அதக் காதுல போட்டுக்கவே கூடாது. சொல்றது வாய்தான. கால் வருதுல்ல" என்பார்.

கால் வருதுல்ல. அதுதான் அவர் வேதம். எடுத்துவைத்த கால் திரும்பக் கூடாது. காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை வீட்டில் மறந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் முச்சந்தியில் ஞாபகம் வந்தாலும் திரும்பமாட்டார். பட்டினியாக வந்து என் சோற்றில் பங்கு கேட்பார். எங்களோடு வேலை செய்த மலாய்ப் பெண் ஒருத்தியின் கல்யாண விருந்து சுங்கை பஞ்சாங்கில் நடந்தது. அண்ணன் தன் பழைய வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். பேச்சு சுவாரசியத்தில் திரும்ப வேண்டிய சந்தியைத் தாண்டிவிட்டார். வேனைத் திருப்புங்கண்ணே என்று எல்லாரும் கத்தினோம். எடுத்த வண்டியைத் திருப்பினால் போகிற காரியம் விளங்காதாம். முன்னால் போனால் எங்காவது வழி இருக்குமாம். வழி எங்கே இருந்தது? நேராக பாகான் நக்கோடா ஓமாரில், மீன்படகுகளுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். பட்டுப் புடவையோடு மீன் நாற்றத்தில் நின்று மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். வேறு பாதையில் சுற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவரை நாங்கள் கேலி செய்த கேலியில் வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் பேசியிருக்கமாட்டார்கள். அவர் ஜம்மென்று சிரித்தார். எப்படியும் வந்து சேர்ந்தோமா இல்லையா என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை. முன்வைத்த காலைப் பின்வைத்தவள் நான். கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு வருடம்கூட இருக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள். இவ்வளவு உறுதியான ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பது எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. ரவாங் அம்மா வந்த நாள்வரை.

ரவாங்கிலிருந்து தங்கை குடும்பத்தோடு வந்திருந்தார் அந்த அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல திடமான ஆள். வாசலிலேயே, நான் இங்கேயே நிற்கிறேன், நீங்களெல்லாம் போய் வாருங்கள் என்றார். தங்கை பிள்ளைகள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடியில் நிறுத்திவிட்டு அவர்கள் பாட்டுக்குப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். அண்ணன் எதிரே வந்து கையை விரித்தார். வேண்டாம் என்றார் அந்த அம்மா. அண்ணன் ஓர் அடி பின்னால் வைத்தார். வேண்டாம் ஐயா என்றார். இன்னோர் அடி. எனக்கு வாசலிலிருந்து அந்த அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டே போனார். கால் வந்தது. அந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. வழக்கம்போல நாலு பேர் கைதட்டினார்கள்.

பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். நடந்த தடம் நெடுக ஈரம்.

நான் ஓடிப்போய் என் குளிர்ச்சட்டையை அவர் இடுப்பில் கட்டிவிட்டேன். அந்த அம்மா அழவில்லை. அண்ணனைப் பார்த்து, ரொம்ப நிதானமாக, "நான் வேணாம்னு சொன்னேனே. அது ஒங்க காதுல விழுந்துச்சா இல்லியா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவைக் கீழே அழைத்துப்போய்க் கழுவிவிட்டு, சாமான் கடையில் ஒரு கைலி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டு மேலே வந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். முதலில் அப்படித்தான் இருக்கும், வீட்டுக்குப் போனதும் நடந்துவிட்டேன் என்று சந்தோஷப்படும் என்றார். அத்தோடு விட்டாரா, காவடிக் கதையையும் எடுத்தார்.

"காவடி எடுக்கிறவன் தானா நேந்துக்கிட்டு எடுக்கிறான். இந்தம்மா யாருக்கு நேந்துக்கிச்சு?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை நான் கேட்காமலே எனக்கு ரொட்டி சானாய் வாங்கி வைத்திருந்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று எடுத்துக்கொண்டேன். மன்னிப்பு என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்க வேண்டியவர் ரவாங்கில் இருந்தார். அன்றைக்கும் அண்ணன் கண்ணாடியில் நின்று கையை விரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் மகளும் ரவாங்கில்தான் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஒரே பெண். வேலைக்காரர்களின் குடும்பங்களை இலவசமாக மேலே ஏற்றிய நாளில்தான் அவளை முதலில் பார்த்தேன். கண்ணாடியில் குப்புறப் படுத்து, வெயில் கூசாமல் கண்ணோரம் கையை வைத்துக்கொண்டு கீழே ஓடும் குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். உயரம் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தோம்.

அவளுக்கு சபாக் பெர்ணம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். சொந்த லோரி வைத்துத் தொழில் செய்யும் குடும்பம். பையன் பார்க்க வாட்டசாட்டம், பெரியவர்களைக் கண்டால் காலைத் தொட்டுக் கும்பிடுகிற ஜாதி. பரிசம் போட்டாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அண்ணன் பாலத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தேடி வந்தாள். அப்பா மேலே வேலையில் இருக்கும்போதே கீழே தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆள் அனுப்பினாள். ஐஸ் மைலோவை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் குழாயால் கிண்டிக்கொண்டே சொன்னாள். போன வாரம் மாப்பிள்ளை காரில் வெளியே அழைத்துப்போயிருக்கிறான். வழியில் அவளுடைய கைப்பேசியைக் கேட்டிருக்கிறான். எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அதற்குத் தோட்டத்துப் பாதையில், ரெண்டு பக்கமும் பனைமரத்தைத் தவிர ஆள் அரவமே இல்லாத இடத்தில் இறக்கிவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு போய்விட்டான். மழை வேறு. ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்திருக்கிறான்.

"வந்து சிரிச்சாருக்கா. பயந்துட்டியான்னு கேட்டாரு" என்றாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா, அப்பாவிடம் சொல் என்றிருக்கிறார். அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். கல்யாணம் என்றால் எல்லாப் பெண்ணுக்கும் பயம் இருக்கும்தான், நடந்தால் சரியாகப் போய்விடும் என்றாராம் அண்ணன். நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார் என்று என்னிடம் வந்திருந்தாள். பாவம், ஆள் தெரியாமல் வந்துவிட்டது பிள்ளை.

சொன்னேன். அன்றைக்கே, வேலை முடிந்து அவர் மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பிள்ளை பயப்படவில்லை, வேண்டாம் என்கிறது, இரண்டும் வேறு என்றேன். அண்ணன் சாவியை எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாதி வழியில எறங்கி வந்தவளுக்குப் பாதி வழிதான் தெரியும்."

நெருப்பை அள்ளிக் கொட்டியது போல் இருந்தது. அத்தனை வருடம் என் சோற்றில் பங்கு கேட்ட மனிதர். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் அவரோடு பேசவில்லை. வாசலில் நிற்பேன், உறை கொடுப்பேன், அவர் பக்கம் திரும்பமாட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வைத்துப் படம் எடுக்கிறார்களே, அதை எங்கள் பாலத்தில் வைத்துக்கொண்டார்கள். மேனேஜரும் சந்தோஷமாகச் சரி என்றான், அண்ணன் மகள் ஆயிற்றே. நல்ல வெயில் நாள். பெண் சிவப்புப் பட்டு, பையன் பட்டு வேட்டி ஜிப்பா. படக்காரன் குடையும் கண்ணாடியுமாகக் கூட்டமே கொண்டுவந்திருந்தான். இருவரும் கைகோத்து நடந்து போனார்கள். நடுவில் போனதும் பையன் அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். சிரித்த முகமாகத்தான் சொன்னான். அவள் கையை உருவிக்கொண்டு நின்றுவிட்டாள்.

படக்காரன் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. பையன் எங்களைப் பார்த்து, பயந்துவிட்டாள் என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடியில் படுத்துக் குரங்கு எண்ணியவள் அவள். அது எனக்குத் தெரியும், அவர் பெற்றவர், அவருக்குத் தெரியாதா?

அண்ணன் வந்தார். மகளின் எதிரே போய் நின்று உள்ளங்கையை விரித்தார்.

"எனக்குப் பயமில்லப்பா. வேணாம்."

நானும் பின்னாலேயே போய்ப் பக்கத்தில்தான் நின்றேன், அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் முகம் ஒரு கணம் ஒரு மாதிரி ஆனது. இதோ விட்டுவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"என்னப் பாரும்மா" என்றார்.

அவள் பார்த்தாள். அவர் முகத்தைத் தவிர எதையும் பார்க்காமல் நடந்தாள். கால் வந்தது. பெற்ற அப்பா பின்னால் பின்னால் போகும்போது எந்தப் பிள்ளையின் கால் வராமல் இருக்கும்? அந்தப் பக்கம் சேர்ந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். படக்காரன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தான். பயந்த மகளை அப்பா அழைத்துப்போகும் காட்சி என்று அது ஊரெல்லாம் சுற்றியது. எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள், அழுகிற பொம்மைப் படமெல்லாம் போட்டு.

கல்யாணம் நடந்தது. நானும் போனேன். அண்ணன் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்த பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முன்பே அவள் ஒருமுறை அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் மறுநாளே மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதை வேலையில் வந்து பெருமையாகவே சொன்னார், புதுசில் எல்லாரும் அப்படித்தான் என்று. அடுத்த முறை வந்தபோதும் கொண்டுபோய் விட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த முறை வழியெல்லாம் அவள், வேண்டாம்பா, வேண்டாம்பா என்று அவர் முதுகில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனாளாம். காற்றில் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம் என்று பின்னால் அவள்தான் என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அப்பா வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஏறி நேராக என் வீட்டுக்கு வந்தாள். இடது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று என்றாள். பேச்சில் நடுக்கம் இல்லை. இரண்டு நாள் தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். பிறகு ரவாங்கில் பழைய தொழிற்சாலையிலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டு, கூட வேலை செய்யும் பெண்களோடு ஓர் அறையில் போய்த் தங்கிவிட்டாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லாதீர்கள் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

மாவுக்கட்டைப் பற்றி மட்டும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. மேலே, வாசலில், கூட்டம் இல்லாத நேரத்தில் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். இடது என்றேன். தன்னுடைய இடது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஒரு மலாய்க்கார இளம்பெண் கண்ணாடியில் நான்கைந்து அடி வைத்துவிட்டு, தாக் நாக் என்றாள். வேண்டாம் என்று அர்த்தம். அண்ணன் சட்டென்று ஒதுங்கி, வாசல் கயிற்றை அவிழ்த்து, அவளைத் திரும்பி வரச்சொன்னார். எதிரே வந்த கூட்டம் நெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெண்ணே திகைத்துப்போய், நான் சும்மாதான் சொன்னேன், அழைத்துப்போங்கள் என்றாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க அதே கதை. யார் வாயைத் திறந்தாலும் கயிற்றை அவிழ்த்தார். கொஞ்சம் கைகொடுத்தால் ஆசையாக நடந்துவிடக் கூடியவர்களையும் திருப்பி அனுப்பினார். வரிசை நின்றுபோனது. மேனேஜர் கத்திப் பார்த்துவிட்டு அவரைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினான். அங்கே அவருக்குச் செருப்புப் போட வேண்டியிருந்தது, தார் சுடுமே.

வேலை முடிந்து போகும்போது என்னை நிறுத்தி, பிள்ளை சாப்பிடுகிறதா என்று மட்டும் கேட்பார். எங்கே இருக்கிறாள் என்று கேட்டதே இல்லை. சாப்பிடுகிறது என்பேன். கட்டுப் பிரித்தாயிற்றா என்றார் ஒருநாள். பிரித்தாயிற்று என்றேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் போகவில்லை, பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஒரு நாள், வெயில் இறங்குகிற நேரம், பஸ்கள் மின்மினிக் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். எப்போதும் என்னை ஏய், இந்தா என்றுதான் கூப்பிடுவார். அன்று தங்கச்சி என்றார்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன் தங்கச்சி. பேசக்கூட வேணாம். வரவான்னு அதுகிட்ட கேட்டுச் சொல்றியா?"

கேட்டேன். அன்றைக்கே போனில் கேட்டேன். அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. வேண்டாம் என்றாள். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவர் கார் நிறுத்துமிடத்து நிழலில் எனக்காகவே காத்திருந்தார். முகத்தைச் சவரம் செய்திருந்தார், கையில் ஒரு பை. பையில் நெத்திலிக் கருவாடும் அவள் அம்மா அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூளும். நான் சரி என்ற பதிலோடு வருவேன் என்று நினைத்துவிட்டார் போல.

"வேணாம்னு சொல்லுதுண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார், இன்னொரு தரம் கேட்டுப் பார் என்பார், நானே போகிறேன் என்று கிளம்புவார் என்று எதையெதையோ எதிர்பார்த்து நின்றேன். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சரி" என்றார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வந்த காருக்கு இடம் காட்டப் போனார்.

அந்த வருடக் கடைசியில் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பாலத்தை மூடினார்கள். எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதற்கு முன்பே அந்தப் பையை ரவாங்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி உள்ளே வைத்தாள். அப்பாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானாக எதுவும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். கருவாடு நன்றாக இருந்தது, கூட இருக்கிற பெண்களெல்லாம் பங்கு கேட்கிறார்கள் என்று சும்மா பேசிக்கொண்டிருந்தாள். பிறகு, அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னேனே, அதை அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். என்ன சொன்னார் என்றாள். சரி என்றார் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஒரே தடவையிலயாக்கா?"

"ஒரே தடவையிலதான்."

அவள் அழ ஆரம்பித்தாள். கை முறிந்து வந்து என் வீட்டில் கிடந்தபோதுகூட அழாத பெண். விக்கி விக்கி அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.